கோளத்தின் கன அளவு

கோளத்தின் கன அளவு என்பது ஒரு கோளத்தின் மேற்பரப்புக்குள் அடங்கும் இடத்தின் அளவு ஆகும். இது கோளத்தின் ஆரத்தை மட்டுமே சார்ந்தது.

கன அளவு = 4/3 × பை × ஆரம் × ஆரம் × ஆரம்

எடுத்துக்காட்டாக, 7 செ.மீ. ஆரமுள்ள கோளத்தின் கன அளவு, பையின் மதிப்பை 22/7 எனக் கொண்டால், ஏறத்தாழ 1437.3 கன செ.மீ. ஆகும். ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தை இட்டால் விடை எட்டு மடங்காகிவிடும். மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

நிறுவல்

உருளையின் கன அளவைப் பெற அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் போதும். கோளத்தின் குறுக்குவெட்டு உயரத்துக்கு உயரம் மாறுவதால் இங்கு அவ்வழி பயன்படாது. தொகை நுண்கணிதம் இதனை எளிதில் தீர்க்கும். எனினும் நுண்கணிதம் அறியாதோரும் பின்வரும் ஒப்பீட்டின் மூலம் சூத்திரத்தைப் பெறலாம்.

10 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளம் ஒன்று, தட்டையான முகம் கீழிருக்குமாறு வைக்கப்படுகிறது. அதனருகே அதே ஆரமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட உருளை ஒன்று உள்ளது. உருளையினுள் இருந்து ஒரு தலைகீழ்க் கூம்பு குடைந்தெடுக்கப்படுகிறது. கூம்பின் உச்சி உருளையின் அடித்தள மையத்திலும், அதன் வாய் உருளையின் மேல் விளிம்பிலும் அமையும்.

இரண்டையும் 6 செ.மீ. உயரத்தில் கிடையாக வெட்டுவோம். பித்தாகரசு தேற்றத்தின்படி அரைக்கோளத்தின் வெட்டுமுகம் 8 செ.மீ. ஆரமுள்ள வட்டம், பரப்பு 64 பை. உருளையின் வெட்டுமுகம் 100 பை. அதில் கூம்பு இருந்த துளை 36 பை. எஞ்சும் வளையம் 64 பை. எந்த உயரத்தில் வெட்டினாலும் இச்சமன் மாறாது. ஆகவே இரண்டின் கன அளவும் சமம். கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், அரைக்கோளம் உருளையில் மூன்றில் இரண்டு பங்காகும். அதன் இருமடங்கே முழுக் கோளம்.

வரலாறு

கோளம், அதனைச் சரியாக உள்ளடக்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதைக் கிமு 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீசு நிறுவினார். அவரது கல்லறையில் இவ்விரு உருவங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. புதர் மண்டிக் கிடந்த அக்கல்லறையைக் கிமு 75இல் சிசெரோ கண்டறிந்தார்.

பையின் மதிப்பை 3.1416 எனத் துல்லியமாகத் தந்த ஆரியபட்டர், கிபி 499இல் கோளத்துக்குத் தந்த விதி பிழையானது. வட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கும் அவ்விதி, உண்மை அளவைவிட ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதலாகத் தரும். மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுக்கும் சரியான விதி, இரண்டாம் பாசுக்கரரின் லீலாவதியில் (கிபி 1150) உள்ளது.