சி. மூ. இராசமாணிக்கமும் பட்டிருப்புத் தொகுதியும்: ஓர் அரசியல் வரலாற்று நோக்கு

அரசியல்வாதி ஒருவரின் வாழ்வை அவரது ஆற்றலையும் குறைகளையும் மட்டும் கொண்டு மதிப்பிடுவது வரலாற்று நோக்கில் நிறைவுடையதாகாது. அவர் வாழ்ந்த காலத்து ஆட்சியமைப்பு எந்தப் பதவிகளை அவருக்குத் திறந்து வைத்தது, எவற்றை அடைத்து வைத்தது என்பதும் ஆராயப்படல் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த பட்டிருப்புத் தொகுதியைப் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் செய்த சி. மூ. இராசமாணிக்கத்தின் அரசியல் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். நான்கு முறை வெற்றியும் இரு முறை தோல்வியும் கண்ட அவ்வாழ்வின் ஏற்ற இறக்கங்களை விளக்குவதற்கு மாகாண ஆட்சி என்னும் இடைநிலை இங்கு இல்லாதிருந்தமை முதன்மையான ஒரு திறவுகோலாகும்.

மாகாண ஆட்சி உள்ள நாடொன்றில் அரசியல் வாழ்வு எவ்வாறு அமைகின்றது என்பதைக் கனடாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் பொதுநிலம், கல்வி, மருத்துவமனைகள், உள்ளூராட்சி என்பவற்றை அங்கு மாகாணங்களின் பொறுப்பில் விட்டது. இலங்கையிற் பிறந்து அந்நாட்டிற் குடியேறிய லோகன் கணபதி 2006ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்து மார்க்கம் நகர சபைக்குத் தெரிவாகி, 2010, 2014 ஆகிய தேர்தல்களிலும் வென்றார். பின்னர் 2018ஆம் ஆண்டில் மார்க்கம்–தோர்ன்ஹில் தொகுதியிலிருந்து மாகாணச் சட்டமன்றம் சென்றார். தெருவையும் வடிகாலையும் கவனித்த ஒருவர், அடுத்த படியிற் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் சட்டம் இயற்றும் அவைக்கு ஏறிச் செல்கின்றார். நாட்டின் தலைநகரில் எக்கட்சி ஆள்கின்றது என்பது அவருடைய இப்பணிகளை நேரடியாகத் தடுப்பதில்லை. இத்தகைய நடுப்படி எதுவும் இராசமாணிக்கத்தின் காலத்துப் பட்டிருப்பில் இருக்கவில்லை.

பட்டிருப்புத் தொகுதி வாவியால் இரு கூறாகப் பிரிக்கப்பட்ட நிலமாகும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பகுதி எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படும். எழுவான்கரையில் தேத்தாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே அமைந்துள்ள களுதாவளை, வெற்றிலைத் தோட்டங்களுக்கும் மிளகாய், வெங்காயச் செய்கைக்கும் பெயர்பெற்ற கிராமமாகும். தோட்டத்திற்கு நீர், வயலுக்கு வாய்க்கால், வாவியைக் கடக்கப் பாலம், பிள்ளைகளுக்குப் பாடசாலை, நிலமற்ற குடும்பங்களுக்குக் காணி என்பனவே இம்மக்களின் அன்றாடத் தேவைகளாயிருந்தன. ஆனால் கிராமச் சங்கங்களின் அதிகாரம் சிறு வீதி, கிணறு, சந்தை என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. கச்சேரியோ கொழும்பினால் நியமிக்கப்பட்ட அரசாங்க அதிபரின் கீழ் இயங்கியது. ஏனைய யாவற்றுக்கும் அமைச்சர்களையே அணுக வேண்டியிருந்தது. அவ்வாறு அணுகுவதற்கு மக்களுக்கு இருந்த வழி அவர்களுடைய பாராளுமன்ற உறுப்பினரே.

1913ஆம் ஆண்டிற் பிறந்த இராசமாணிக்கம் 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் சுயேச்சை வேட்பாளராக வென்று பாராளுமன்றம் புகுந்தார். 1947ஆம் ஆண்டில் இத்தொகுதியின் முதல் உறுப்பினராயிருந்தவர் எஸ். யூ. எதிர்மன்னசிங்கம் ஆவார். 1956இல் மீண்டும் அவரே வென்றார். தனிச் சிங்களச் சட்டம் வரவிருந்த அவ்வாண்டில் தமிழரசுக் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் பத்து இடங்களைக் கைப்பற்றியது. எனினும் அந்தப் பேரலையிலும் பட்டிருப்பு அக்கட்சியின் வசமாகவில்லை. மொழியுரிமை முழக்கம் ஒன்றே இத்தொகுதியின் வாக்குகளைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இது முதற் சான்றாகும்.

இத்தொகுதிக்கு மொழியோடு ஒப்ப முதன்மை பெற்ற இன்னொரு பிரச்சினை நிலமாகும். 1949ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துப் பெருநீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிற் குடியேற்றங்களை உருவாக்கிற்று. எவருக்குக் காணி வழங்குவது என்னும் முடிவு மாவட்ட மக்களின் கையில் இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பிரதேசத்தில் இனக்கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. சமஷ்டி என்னும் சொல் பட்டிருப்பின் உழவனுக்கு ஏட்டுக் கோட்பாடாக அன்றி, காணிப் பங்கீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் பற்றியதாகவே பொருள்பட்டிருக்கும்.

1957ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. விவசாயம், கல்வி, சுகாதாரம், கடற்றொழில், வீதி, நில அபிவிருத்தி ஆகிய துறைகள் பிரதேச சபைகளுக்குரியனவாகக் கூறப்பட்டன. குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் உரிமையும் அவற்றுக்கே அளிக்கப்படவிருந்தது. கல்லோயாச் சபையின் நிருவாகத்திலிருந்த பகுதி பற்றித் தனியே ஆராய வேண்டும் எனவும் ஒப்பந்தம் குறிப்பிட்டது. கிழக்கு மாகாணம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் வாழும் நிலமாதலால், அதனை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதேசங்களாக வகுப்பதற்கும் இடமளிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டதோடு, மொழிப் பாதுகாப்புடன் உழவர், மீனவர் வாழ்வைத் தொடும் இவ்வேற்பாடுகளும் ஒருங்கே கைநழுவின.

இதன் பின்னரே இராசமாணிக்கத்தின் அரசியல் வாழ்வு உச்சத்தை எய்தியது. 1960ஆம் ஆண்டு மார்ச், யூலைத் தேர்தல்களிலும் 1965ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அவர் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றார். அத்தசாப்தத்தில் அக்கட்சியின் தலைவராகவும் தெரிவானார். யாழ்ப்பாணத்தவரே கட்சியை நடத்துகின்றனர் என்னும் குறை கிழக்கில் எழுந்த காலத்தில், மட்டக்களப்பார் ஒருவர் அப்பதவியை வகித்தமை கவனத்திற்குரியது. 1961 பெப்புருவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் பரவியது. ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டுக் கட்சித் தலைவர்கள் பனாகொடையில் அடைக்கப்பட்டனர். மாவட்ட நிருவாகம் முழுவதும் கச்சேரியிற் குவிந்திருந்தமையாலேயே மறியலுக்கு அவ்விடம் தெரிவாயிற்று எனக் கொள்ளலாம். மக்களாற் தெரிவு செய்யப்படாத அலுவலகத்தின் வாயிலில் மக்களாற் தெரிவு செய்யப்பட்டோர் அமர்ந்திருந்தமை அன்றைய ஆட்சியமைப்பின் இயல்பை நன்கு காட்டுகின்றது.

1965இல் ஏற்பட்ட டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கை மாவட்ட சபைகளை அமைப்பதாகவும், குடியேற்றக் காணிகளை முதலில் அம்மாவட்டத்து நிலமற்றோருக்கு வழங்குவதாகவும் உறுதியளித்தது. தமிழரசுக் கட்சி தேசிய அரசாங்கத்தில் இணைய, செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். ஆயினும் மாவட்ட சபைத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே திருச்செல்வமும் பதவி துறந்தார். அரசாங்கத்தில் இணைந்து அதிகாரப் பகிர்வைப் பெறும் முயற்சியும் பயனளிக்கவில்லை.

1970ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் இராசமாணிக்கம் ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். தம்பிராசாவிடம் தோல்வியுற்றார். நாடெங்கும் அக்கட்சி வீழ்ச்சியுற்றுப் பதினேழு இடங்களை மட்டுமே பெற்ற தேர்தலில், பட்டிருப்பு அதனைத் தெரிந்தெடுத்தது. இத்தோல்வியை மக்களின் நிலையற்ற மனத்தின் விளைவெனவோ, உரிமையை மறந்து சலுகையை நாடியதன் விளைவெனவோ கொள்வது எளிது. ஆனால் 1947 முதல் 1970 வரையான தேர்தல் முடிவுகளையும் ஒருங்கே நோக்குமிடத்து வேறொரு விளக்கமே பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

மாகாண ஆட்சி இல்லாத நிலையிற் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே இரண்டு கடமைகளைச் சுமக்க வேண்டியவரானார். அரசியலமைப்பை மாற்றக் கோரி அரசாங்கத்தை எதிர்ப்பது ஒன்று. அதே அரசாங்கத்தின் அமைச்சரிடம் சென்று பாலமும் பாடசாலையும் கேட்பது மற்றொன்று. முதலாவதை உறுதியாகச் செய்தவருக்கு இரண்டாவது கடினமாயிற்று. இரண்டாவதை நாடியவர் முதலாவதில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இவ்விரு கடமைகளையும் இருவேறு அவைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே கூட்டாட்சியின் நடைமுறைப் பயன். பட்டிருப்பு வாக்காளர் ஒருமுறை உரிமைக் குரலையும் மறுமுறை அரசாங்கத் தொடர்பையும் தெரிந்தெடுத்தனர் எனின், இரண்டையும் ஒருங்கே பெறும் வாய்ப்பு அவர்களுக்கு வழங்கப்படவில்லை என்பதே அதன் பொருளாகும். உரிமையா அபிவிருத்தியா எனக் கிழக்கில் இன்றும் கேட்கப்படும் வினா அக்காலத்தின் எச்சமேயாகும்.

1972 மே மாதத்தில் திருகோணமலையிற் தமிழர் கூட்டணி உருவானது. அதே மாதத்தில் நிறைவேறிய குடியரசு யாப்பு இலங்கையை ஒற்றையாட்சி நாடெனப் பிரகடனம் செய்தது. 1974இல் இராசமாணிக்கம் காலமானார். 1977இற் பட்டிருப்பு தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வாக்களித்தது. போர் மூண்ட பின்னர், 1987 நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலமே மாகாண சபைகள் தோன்றின. 1988இல் இணைந்த வடக்கு–கிழக்கிற்கும், 2008, 2012 ஆகிய ஆண்டுகளிற் கிழக்கிற்குத் தனியாகவும் தேர்தல்கள் நடைபெற்றன. அரச காணி குடியரசின் உடைமையாகவே தொடர்ந்தது. 2017இற் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்குப் பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாமல், அதன் நிருவாகம் சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரின் கையிற் சென்றது.

களுதாவளையின் வெற்றிலைச் செய்கையாளர் ஒருவர் தமது பிரதேச சபை உறுப்பினரையும் பாராளுமன்ற உறுப்பினரையும் தெரிவு செய்கின்றார். இடையிலுள்ள அவையோ பெயரளவில் நிற்க, அதற்கு வாக்களிக்கும் வாய்ப்பு அவருக்கு நீண்ட காலம் கிட்டவில்லை. இராசமாணிக்கம் கோரியது மக்களாற் தெரிவு செய்யப்பட்டு, அவர்களுக்குப் பொறுப்புக் கூறி, அவர்களுடைய நிலத்தையும் நீரையும் நிருவகிக்கும் ஓர் அவையையே. அவரது வெற்றிகளையும் தோல்விகளையும் எடைபோடும் வரலாற்று மாணவர், அவ்வவையின் இன்மையையும் தராசில் இடுவது நேர்மையாகும்.