கம்பி நின்ற இடம்: டிராம்பேயும் மின்வாகனத் திட்டமிடலும்

மின்வாகனங்களுக்கு உள்ளாட்சிகள் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்ற விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிகிறது: எத்தனை சார்ஜிங் நிலையங்கள், எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்று. அதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மின்கம்பி யாருடையது? சாலைக்குப் பொறுப்பான உள்ளாட்சியிடம் கம்பி இல்லையென்றால், அதன் திட்டம் என்னவாகும்? இக்கேள்விக்கு மும்பையின் கிழக்கு ஓரத்திலுள்ள டிராம்பேயின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

1905இல் பம்பாய் மாநகராட்சி, பம்பாய் மின்வழங்கல் மற்றும் டிராம்வே நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நகருக்கு மின்சாரம் வழங்குவதும் டிராம் ஓட்டுவதும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1907 மே 7 அன்று முதல் மின்சார டிராம் ஓடியது. ஒப்பந்தம் மாநகராட்சிக்கு அளித்திருந்த வாங்கும் உரிமையின்படி, 1947 ஆகஸ்ட் 7 அன்று நிறுவனம் மாநகராட்சியின் உடைமையாயிற்று. இன்று ‘பெஸ்ட்’ என்று அறியப்படும் அமைப்பு அதுவே. மின்சாரமும் அதில் ஓடும் வாகனமும் ஒரே உள்ளாட்சியின் கையில் இருந்தமை இந்திய நகர வரலாற்றில் அரிதான நிலை. டிராம் 1964 மார்ச் 31 அன்று நின்றது. 1962இல் தொடங்கிய டிராலி பஸ்ஸும் 1971இல் முடிவுக்கு வந்தது. மாட்டுங்காத் தமிழர் நாவில் இன்றும் வழங்கும் ‘தாதர் டி.டி.’ என்பதன் விரிவு ‘டிராம் டெர்மினஸ்’ என்பதைப் பலர் அறியார். வண்டி போய் அறுபது ஆண்டுகள் கடந்தும் பெயர் நிற்கிறது.

நின்றது பெயர் மட்டுமன்று, எல்லையும் நின்றது. 1905இல் ‘நகரம்’ என்பது மாகிம், சயான் வரையிலான தீவுப்பகுதி. அதற்கு வடக்கும் கிழக்கும் புறநகர்க் கிராமங்கள். டிராம்பே அவற்றுள் ஒன்று. புறநகருக்கு மின்சாரம் வழங்க 1929இல் தனி நிறுவனமாகப் பம்பாய் புறநகர் மின்வழங்கல் நிறுவனம் தோன்றியது. 1950லும் 1957லும் மாநகராட்சி தன் எல்லையை விரித்துப் புறநகரை உள்ளிழுத்துக்கொண்டபோது, குடிநீரும் குப்பை அள்ளுதலும் அதன் பொறுப்பாயின. பெஸ்ட் பேருந்தும் புறநகரெங்கும் ஓடத் தொடங்கியது. மின்வழங்கல் உரிமம் மட்டும் பழைய கோட்டிலேயே நின்றுவிட்டது. இன்று தாராவிக்கு மாநகராட்சி நிறுவனமான பெஸ்ட் மின்சாரம் தருகிறது. செம்பூரிலும் டிராம்பேயிலும் மின்சாரம் விற்பவை தனியார் நிறுவனங்கள்.

இதிலுள்ள முரண், டிராம்பே மின்சாரம் பெறும் இடம் மட்டுமன்று என்பதே. டாட்டாவின் அனல்மின் நிலையம் 1956இல் இங்கே இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் 500 மெகாவாட் அலகும் 1984இல் இங்கேதான் நிறுவப்பட்டது. அதே 1956இல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அருகிலுள்ள மாகுலில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. நகரை இயக்கும் ஆற்றலுக்கு நிலம் கொடுத்த கிராமம் இது. அந்நிலத்துக்கு மனிதரும் விலை கொடுத்தனர். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். நெருக்கடி நிலைக் காலமான 1976இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் டிராம்பேயின் சீட்டா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். அந்த வெளியேற்றத்தை எதிர்த்து மக்களைத் திரட்டியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். 2000இல் மகசேசே விருது பெற்றவர்.

இப்பின்னணியில் இன்றைய திட்டங்களை வாசிக்க வேண்டும். 2018இல் ஒன்றிய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், நகரங்களில் 3 கி.மீ. நீளமும் 3 கி.மீ. அகலமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு பொதுச் சார்ஜிங் நிலையம் வேண்டும் என்றது; நெடுஞ்சாலைகளில் 25 கி.மீ.க்கு ஒன்று. நகரமும் அல்லாத, நெடுஞ்சாலையிலும் அமையாத கிராமம் இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் வெளியே விழுந்துவிட்டது. நகருக்குள் வந்துவிட்ட பழைய கிராமமான டிராம்பேக்கோ வேறொரு சிக்கல். ஒன்பது சதுர கி.மீ. கட்டத்தில் ஆலை வளாகத்தின் வாசலில் ஒரு நிலையம் இருந்தாலும் அந்த 2018 விதி நிறைவேறியிருக்கும். சீட்டா கேம்ப்பின் சந்தில் வண்டி நிறுத்துபவருக்கு அது எட்டுகிறதா என்பதைக் கட்டம் கேட்கவில்லை. மகாராஷ்டிராவின் 2021 மின்வாகனக் கொள்கை, வீட்டில் சார்ஜிங் வசதி அமைப்போருக்குச் சொத்துவரிச் சலுகை தர உள்ளாட்சிகளை ஊக்குவித்தது. வண்டி நிறுத்தத் தனக்கென இடமுடையவருக்கே அச்சலுகை பொருள்படும்.

இங்கே பழைய எல்லைக்கோடு மீண்டும் குறுக்கிடுகிறது. மும்பையில் ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்குத் தீவு நகருக்குள் அனுமதி இல்லை. அவை ஓடுவது புறநகரில். ஆக, மாநகராட்சியிடம் மின்கம்பி இருக்குமிடத்தில் ஆட்டோ இல்லை. ஆட்டோ இருக்குமிடத்தில் மாநகராட்சியிடம் மின்கம்பி இல்லை. இன்று பெரும்பாலும் சி.என்.ஜி.யில் ஓடும் இந்த ஆட்டோக்கள் நாளை மின்சாரத்துக்கு மாறும்போது, அவை இரவில் எங்கே நின்று மின்னேற்றம் பெறும் என்பதை முடிவு செய்யும் வலிமை எந்த ஓர் அமைப்பிடமும் முழுமையாக இல்லை. பெஸ்ட் 2017 முதல் மின்பேருந்துகளை ஓட்டுகிறது. புறநகரிலுள்ள அதன் பணிமனைகளோ அதன் சொந்த மின்வழங்கல் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

இது மும்பைக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணை, மின்பகிர்மானத்தை உள்ளடக்கிய ஊரக மின்மயத்தை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் தெருவிளக்கும் வாகன நிறுத்தமும் பேருந்து நிறுத்தமும் உண்டு, மின்பகிர்மானம் இல்லை. நடைமுறையோ தலைகீழ். மும்பை, திருச்சூர் போன்ற சில நகரங்களின் மாநகராட்சிகள் மின்சாரம் விற்கின்றன. ஊராட்சிகளோ பகிர்மானக் கழகத்தின் நுகர்வோராகத் தெருவிளக்குக்குக் கட்டணம் கட்டுகின்றன.

எனவே, கம்பி இல்லாத உள்ளாட்சியின் கையில் எஞ்சியிருப்பது நிலம்: சந்தைத் திடல், பேருந்து நிலையம், வண்டி நிற்கும் தெருவோரம். மின்வாகனங்களுக்கு மின்னேற்றம் செய்வது மின்சார விற்பனை அன்று, ஒரு சேவையே என்று ஒன்றிய அரசு 2018இல் தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு மின்வழங்கல் உரிமம் வேண்டியதில்லை. ஆகவே ஊராட்சியோ வார்டு அலுவலகமோ தன் நிலத்தில் தானே நிலையம் நடத்தச் சட்டத் தடை குறைவு. வரைபடத்தில் சதுரங்கள் வரைவதற்கு முன், இரவில் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று தெருத்தெருவாகக் கணக்கெடுப்பதே அதன் முதற்பணி. 1905இன் ஒப்பந்தக்கோடு நூற்றிருபது ஆண்டுகளாகத் தாராவியையும் டிராம்பேயையும் பிரித்து நிற்கிறது. இன்று எழுதப்படும் திட்டங்களும் அவ்வளவு காலம் நிற்கக்கூடும். ஆலைகளுக்கும் அணு உலைக்கும் இடம்விட்டுப் பெயர்ந்த மக்களின் தெரு அவற்றில் இடம்பெறுமா என்பது இப்போதே முடிவாகிக்கொண்டிருக்கிறது.