சருமத்தில் தெரியும் நாடி

மனம் கலங்கும்போது தேகமும் கலங்குகிறது என்பது உலகம் பழைய நாள் முதலே அறிந்த விஷயமாயினும், அக்கலக்கத்தைச் சருமத்தின் மேலேயே அளந்துவிடலாம் என்பது, பிரெஞ்சு வைத்தியர் ஷார்ல் ஃபெரே 1888-ஆம் ஆண்டில் உணர்ச்சி எழும் தருணத்தில் தோலின் மின்தடை குறைவதைக் கண்ட பின்னரே சாஸ்திரத்தின் எல்லைக்குள் வந்தது. பிற்காலத்தில் இந்த நுட்பம் பொய்யைக் கண்டறியும் இயந்திரத்தில் ஓர் அங்கமாகித் தன் தகுதிக்கு மீறிய கீர்த்தியைச் சம்பாதித்தது. தோலின் மின்தடையைக் குறைக்கும் வியர்வைச் சுரப்பி பயத்தையும் குற்றத்தையும் பிரித்தறியுமா என்ன!

இருதயத்தின் கதை வேறு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்பவர் 1937-ல் விரல்களின் மீது ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருகுந்தோறும் அவ்வொளியில் நேரும் சூட்சுமமான ஏற்றத்தாழ்வை ஒளிமின்கலத்தால் பதிவு செய்தார். ஆயினும் கருவி உடலைத் தொட்டிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நெடுங்காலம் நீடித்தது. 2008-ல் வெர்க்ரூய்ஸ், ஸ்வாசாந்த், நெல்சன் என்ற மூவர், சாதாரண வெளிச்சத்திலேயே, ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்த எளிய டிஜிட்டல் கேமரா எடுத்த முகக்காட்சியிலிருந்து இதயத்துடிப்பைக் கணித்துக் காட்டினர். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உட்கொள்வதால், ஒவ்வொரு துடிப்பிலும் முகத்தில் நேரும், நம் கண்ணுக்குப் புலப்படாத நிறமாற்றம் பச்சை வண்ணப் பதிவிலேயே மிகத் தெளிவாக விழுந்தது.

ஆனால் கருத்த சருமத்தில் மெலனின் என்னும் நிறமி அவ்வொளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் துடிப்பின் சமிக்ஞை பலவீனமாகிறது. இக்குறை தீரும்வரை இம்முறையை மனிதர் யாவருக்கும் பொதுவென்று சொல்வது நியாயமாகாது.