தூக்குமரமும் கதை ஏடும்

1692ஆம் ஆண்டு, சனவரித் திங்கள். வட அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலம் சிற்றூர். வெளியே பனி, வீட்டுக்குள்ளே அச்சம். ஊர்ப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் இல்லத்தில் இரு சிறுமியர். ஒருத்தி அவர் மகள், வயது 9. மற்றவள் உறவினள், வயது 11. இருவரும் திடீரென்று அலறினர், கைகால்களை முறுக்கினர், பொருளற்ற சொற்களைப் பிதற்றினர். மருத்துவர் வந்தார், பார்த்தார். நோய் இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்று கூறிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிக் கூறவில்லை. 'தீய சக்தியின் கைவேலை' என்று கூறிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் ஓர் ஊரையே விழுங்கிற்று!

ஏவியவர் யார் என்று பெரியவர்கள் கேட்டனர். பெயர் வரும்வரை கேட்டனர். மூன்று பெயர்கள் வந்தன. ஒருத்தி அடிமைப் பெண். ஒருத்தி வீடு வீடாய் இரந்து உண்டவள். ஒருத்தி நோயில் கிடந்தவள். நெடுநாளாய்த் தேவாலயப் பக்கமே வராதவள். சாத்தான் எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்! கேட்பாரற்றவர்களையே தேடிப் பிடித்திருக்கிறான்!

குற்றம் சாட்டிய சிறுமியரின் கூட்டம் வளர்ந்தது. 12 வயது ஆன் பட்னம், 17 வயதுப் பெண்கள் என்று பலர் சேர்ந்தனர். "இவளுடைய ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளிற்று" என்பது சான்று. கிள்ளியதை வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்பதே அந்தச் சான்றின் வலிமை! நீதிமன்றம் அதனை ஏற்றது. 14 பெண்கள், 5 ஆடவர், ஆக 19 பேர் தூக்கில் தொங்கினர். வழக்குக்கு வாய் திறக்க மறுத்த முதியவர் ஒருவர், வயது ஏறத்தாழ 80, மார்பின்மேல் பாறைகளை அடுக்கி நசுக்கப்பட்டார். 4 வயதுக் குழந்தை ஒன்று சூனியக்காரி என்று சிறையில் அடைக்கப்பட்டது. பெரிய இடத்துப் பெண்களின் பெயர்களும் அடிபடத் தொடங்கிய பிறகுதான், அக்டோபரில் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கக்கூடும். காரணம் உண்டு.

அண்மையில் நம் படிப்பகத்திற்கு மாணவி ஒருத்தி ஒரு கட்டு ஆங்கில நாவல்களை நன்கொடையாகக் கொண்டுவந்தாள். பள்ளிப் பருவப் பெண்கள் 'விக்கா' என்னும் சூனிய நெறியைத் தழுவுவது பற்றிய கதைகள். நம் நண்பர் ஒருவர், நல்ல பகுத்தறிவாளர், அட்டையைப் பார்த்ததும் சீறினார். "மந்திரமும் மாயமும் மலிந்த குப்பை! பகுத்தறிவுப் படிப்பகத்தில் இதற்கென்ன இடம்? வெளியே வீசுங்கள்" என்றார். அந்த மாணவியின் முகம் வாடிற்று. நாம் உடனே விடை கூறவில்லை. ஏடுகளைப் படித்தோம், அவை பிறந்த வரலாற்றையும், அவற்றைப் படித்தோர் கூறிய கருத்துகளையும் தேடினோம். தேடியதன் பயனே இக்கட்டுரை.

தூக்குமரத்தில் நின்ற சூனியக்காரி கதைத் தலைவியானது எப்படி?

1735ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அதுவரை சூனியம் செய்வது குற்றம். அதன்பின், சூனிய ஆற்றல் இருப்பதாக நடிப்பதே குற்றம்! மடமையைச் சட்டம் கைவிட்ட நாள் அது. அந்தச் சட்டமும் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1954இல், ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர் 'இன்றைய சூனியம்' என்று ஒரு நூல் வெளியிட்டார். யார் இவர்? இளமையில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பணி செய்தவர். நம் தமிழ்த் தொழிலாளர் இரத்தத்தை வியர்வையாக்கிய அதே மலைத்தோட்டங்கள்! பின்னர் மலேயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிறித்துவத்திற்கு முற்பட்ட பழஞ்சமயம் ஒன்று ஐரோப்பாவில் மறைந்து வாழ்ந்ததென்றும், சூனியக்காரிகள் எனப்பட்டோர் அதன் அடியார்களே என்றும், தாம் அதில் சேர்ந்ததாகவும் எழுதினார். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே, எகிப்தியவியல் அறிஞர், 1921லேயே இக்கொள்கையை நூலாக எழுதியவர்.

கேட்பதற்கு இனிய கொள்கை. ஆனால் வரலாறு இனிமையைக் கேட்பதில்லை, சான்றைக் கேட்கிறது. 1971இல் கீத் தாமஸ், 1975இல் நார்மன் கோன், 1999இல் ரொனால்டு ஹட்டன் முதலிய வரலாற்றறிஞர்கள் ஆவணங்களைத் துருவினர். பழஞ்சமயத்தின் தொடர்ச்சி கிட்டவில்லை. விக்கா இருபதாம் நூற்றாண்டில் பிறந்த புதுச் சமயம் என்பதே அவர்களின் ஆய்வு காட்டிய முடிவு. ஐரோப்பாவில் 90 இலட்சம் பேர் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டதாக ஒரு கணக்கும் உலவிற்று. ஆய்வாளர் மதிப்பீடு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. அதுவே நெஞ்சைப் பிளக்கப் போதாதா? எண்ணைப் பெருக்குவதால் துயரம் பெரிதாவதில்லை, உண்மைதான் சிறிதாகிறது.

விக்கா அமெரிக்காவிற்குச் சென்றது. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்ற அறத்தையும், இறைவியின் வழிபாட்டையும், ஆண்டுக்கு எட்டு விழாக்களையும் கொண்டது. 1986இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதனையும் ஒரு மதம் என்றே ஏற்றது. 1996இல் நான்கு பள்ளிப் பெண்கள் சூனியம் பயிலும் திரைப்படம் ஒன்று வந்தது. 1998இல் இளம் வயதினருக்கென்றே ஒரு விக்கா வழிகாட்டி நூல் வந்தது. 2001இல் நாவல்கள் வந்தன. வரிசை வரிசையாய் வந்தன.

அவற்றுள் இரண்டு வரிசைகளே நமக்குக் கிடைத்தவை. ஒன்று, கேட் டியர்னன் எழுதிய 'ஸ்வீப்'. 2001 முதல் 2003 வரை 15 ஏடுகள். இங்கிலாந்தில் 'விக்கா' என்ற பெயரிலேயே வெளியாயிற்று. தலைவி மார்கன், 16 வயது. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். புதிதாய் வந்த இளைஞன் ஒருவன் நடத்தும் வட்டத்தில் சேர்கிறாள். தன்னிடம் பேராற்றல் இருப்பதை உணர்கிறாள். தான் வளர்ப்பு மகள் என்பதையும், பெற்றவள் சூனியக் குலத்தினள் என்பதையும் அறிகிறாள். மற்றொன்று, இசபெல் பேர்டு என்ற புனைபெயரில் மைக்கேல் தாமஸ் ஃபோர்டு எழுதிய 'மூவர் வட்டம்'. அதுவும் 15 ஏடுகள். மூன்று பள்ளித் தோழியர் ஓராண்டும் ஒரு நாளும் விக்கா பாடம் பயில்வது அக்கதை.

படித்தவர் என்ன கூறினர்? மூன்று குரல்கள் எழுந்தன.

முதற்குரல் மத பக்தர்களுடையது. பிள்ளைகளைச் சாத்தானிடம் இட்டுச் செல்லும் ஏடுகள் என்றனர். இரண்டாம் குரல் விக்கா நெறியினருடையது. 'ஸ்வீப்' கதையில் இரத்தத்தின் வழியே ஆற்றல் வருகிறது. எங்கள் நெறியோ பயில்வோர் எவர்க்கும் உரியது. எங்களைக் கண்காட்சிப் பொருளாக்காதீர் என்று அவர்களில் பலர் குறைபட்டனர். 'மூவர் வட்டம்' உண்மைக்கு அண்மையது என்றனர். மூன்றாம் குரல் இளம் வாசகியருடையது. அவர்கள் மதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வகுப்பில் யாரும் கவனிக்காத பெண்ணாய் இருந்த தலைவி தன் வலிமையை உணர்ந்த இடத்தையும், நண்பன் வஞ்சித்த இடத்தையும், தாயைத் தேடிய இடத்தையும் பேசினர்.

நம் படிப்பகத்து மாணவியும் அதைத்தான் கூறினாள். "மந்திரத்தை நான் நம்பவில்லை ஐயா. அந்தப் பெண் யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்கிறாளே, அது பிடித்தது" என்றாள்.

எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு சொல், பள்ளியில் ஒரு சொல் என்று அடக்கி அடக்கி வளர்க்கப்படும் பெண், ஆற்றலுள்ள பெண்ணின் கதையைத் தேடுகிறாள். உலகம் அவளுக்கு உண்மையான ஆற்றலைத் தர மறுக்கும்போது, கதை பொய்யான ஆற்றலைத் தருகிறது. பொய்யைக் கண்டிப்போம், ஆனால் அந்தப் பசியை யார் கண்டிப்பது?

நம் கண்டனம் வேறிடத்தில் இருக்கிறது. 'ஸ்வீப்' கதையில் சூனியக்காரர் ஏழு பெருங்குலத்தினர். அவற்றுள் ஒரு குலம் பிறப்பிலேயே தீயது என்று பழி சுமத்தப்பட்டது. தலைவி பிறந்ததோ அக்குலத்தில்! பிறப்பால் உயர்வு, பிறப்பால் இழிவு! இந்தப் பாட்டை எங்கோ கேட்டிருக்கிறோமே! நாம் நூற்றாண்டுகளாய் எதிர்த்துவரும் நச்சுக் கருத்து, கடல்கடந்து வேறு உடை உடுத்து நிற்கிறதே! ஆசிரியர் அந்தப் பழியைக் கேள்வி கேட்கிறார். அக்குலத்திலும் நல்லோர் உண்டென்று காட்டுகிறார். எனினும் ஆற்றல் இரத்தத்தில் ஓடுவதென்ற அடித்தளத்தை அவர் அசைக்கவில்லை. இதை இளைஞரிடம் எடுத்துக்காட்ட வேண்டும். ஏடு இல்லாமல் எதைக் காட்டுவது?

தடை செய்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் பார்ப்போம். 2001 டிசம்பர் 30ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோ ஊரில், தேவாலயம் ஒன்றின் முன் 'ஹாரி பாட்டர்' ஏடுகள் நெருப்பில் இடப்பட்டன. 2002இல் ஆர்க்கன்சா மாநிலத்து சீடர்வில் பள்ளிக் குழு, மூவருக்கு இருவர் என்ற வாக்கில், அவ்வேடுகளைப் பெற்றோர் கையெழுத்தின்றித் தரக்கூடாதென்றது. மாணவி ஒருத்தியின் பெற்றோர் வழக்கிட்டனர். 2003இல் நீதிமன்றம் ஏடுகளைத் திறந்த அலமாரிக்கே திருப்பி அனுப்பிற்று.

இவற்றினும் விந்தை ஒன்றுண்டு. 1958இல் எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் என்னும் அம்மையார் எழுதிய நாவல் 'பிளாக்பேர்டு குளத்துச் சூனியக்காரி'. 1959இல் நியூபெரி பரிசு பெற்றது. 1687ஆம் ஆண்டுக் கனெக்டிகட்டில் நடக்கும் கதை. அதில் சூனியக்காரி எனப்படுபவள், ஊராரினின்று வேறுபட்ட குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஏழை முதியவள், வேறொன்றுமில்லை. 16 வயதுத் தலைவி கிட்டும் சூனியக் குற்றம் சாட்டப்படுகிறாள். அவள் செய்த சூனியம் என்ன? தாயின் கொடுமைக்கு ஆளான சிறுமி ஒருத்திக்கு எழுத்தறிவித்தாள்! அச்சிறுமி எழுதிப் பழகிய ஏடே வழக்குச் சான்று! இறுதியில் அந்தச் சிறுமி மன்றத்தின் நடுவே நின்று வாசித்துக் காட்டுகிறாள், வழக்கு நொறுங்குகிறது. மந்திரம் ஒன்றுமே இல்லாத, மந்திரப் பழியின் மடமையைத் தோலுரிக்கும் இந்த ஏட்டையும் 2002இல் கனெக்டிகட்டின் குரோம்வெல் ஊரில், பிள்ளைகளுக்குச் சூனியம் கற்பிக்கிறதென்று கூறிப் பள்ளியிலிருந்து அகற்றக் கோரினர் சிலர்! அட்டையைப் படித்தவர் அச்சம் கொண்டனர்; ஏட்டைப் படித்தவர் அறிவு கொண்டனர்.

நம் நண்பரும் அட்டையைத்தான் பார்த்தார். சேலத்து நீதிபதிகளும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று ஆராயாமல் தீர்ப்பளித்தனர். நம்பிக்கை வேறாக இருக்கலாம். முறை ஒன்றாகிவிட்டால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

சூனியம் பற்றிய பேச்சே இளைஞர் காதில் விழக்கூடாது என்பதும் நன்மை தராது. இந்தப் பழி இன்னும் மாளவில்லை. சூனியக்காரி என்று கூறிப் பெண்களை வதைப்பதைத் தடுக்கப் பீகார் அரசு 1999இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பழி சுமத்துவோர் பேசிக்கொண்டே இருக்க, பகுத்தறிவாளர் மட்டும் பேசாதிருப்பதா?

இனி, சேலத்துக்கே திரும்புவோம். குற்றம் சாட்டிய ஆன் பட்னம் 1706இல் தேவாலயத்தில் மன்னிப்பு வேண்டினாள். அப்போதும் தன்னை ஏமாற்றியவன் சாத்தான் என்றே கூறினாள். ஊட்டிய பெரியவர்கள் தப்பினர். சாத்தான் மீண்டும் மாட்டிக்கொண்டான்! 1711இல் மாசசூசெட்ஸ் பலருடைய குற்றத் தீர்ப்பை நீக்கிற்று. எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயர் அதில் இல்லை. 22 வயதில் குற்றம் சாட்டப்பட்டு, 1693இல் தூக்குத் தண்டனை பெற்று, ஆளுநர் ஆணையால் உயிர் பிழைத்தவள் அவள். 1712இல் தானே விண்ணப்பித்தாள், பயனில்லை. 1747இல் குற்றவாளியாகவே இறந்தாள். அவளுக்கு மக்களில்லை, வாதாட வழித்தோன்றல் இல்லை. 1957இலும் 2001இலும் பிறர் பெயர்கள் துலக்கப்பட்டபோதும் அவள் விடுபட்டாள்.

யார் மீட்டனர் அவளை? வடக்கு ஆண்டோவர் ஊர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள்! 13, 14 வயதுப் பிள்ளைகள். தம் ஆசிரியையின் துணையுடன் ஆவணங்களைப் படித்தனர்; சட்டமன்ற உறுப்பினர்க்கு எழுதினர்; வாதாடினர். 2022 சூலையில் எலிசபெத் ஜான்சன் குற்றமற்றவள் என்று சட்டம் அறிவித்தது. தீர்ப்பு வழங்கி 329 ஆண்டுகளுக்குப் பின்!

அச்சத்தை ஊட்டினால் 12 வயதுச் சிறுமி பிறரைத் தூக்குக்கு அனுப்புகிறாள். ஆவணத்தைக் கையில் கொடுத்தால் 13 வயதுச் சிறுவன் இறந்தவளுக்கும் நீதி பெற்றுத் தருகிறான். பிள்ளைகள் அன்றும் பிள்ளைகளே, இன்றும் பிள்ளைகளே. நாம் கையில் கொடுப்பதே வேறு.

நண்பரிடம் இதனைக் கூறினோம். சற்று நேரம் வாளாவிருந்தார். பிறகு அந்தக் கட்டைத் தாமே அவிழ்த்து, ஏடுகளுக்கு எண்ணிடத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு மாலை படிப்பகத்தில் அக்கதைகளைப் பற்றிய உரையாடல். சேலம் வழக்கின் வரலாறும் உடன் படிக்கப்படும். தொடங்கிப் பேசப்போகிறவள் அந்த மாணவி. எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருப்பவர் நம் நண்பர்.