ஆறில்லாத ஊரின் ஆற்றங்கரை

யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை எண்டுதான் பள்ளிக்கூடத்தில் படிச்சனாங்கள். கிணறு உவர்க்கிற தீவுப்பகுதியில் வளர்ந்த எங்களுக்கு அது கேள்வியே கேட்கத் தேவையில்லாத உண்மை. ஆனால் வேலணைக்கு எதிர்க்கரையில், அராலியில், மாரிக்கு ஒரு ஆறு வந்து கடலேரியில் விழுகிறது. வழுக்கையாறு. கோடையில் போய்ப் பார்த்தால் 'இதுவோ ஆறு?' எண்டு கேட்பீர்கள்.

அந்த ஆற்றின் படுகையில்தான் கந்தரோடை இருக்கிறது. யாழ் நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவு. கந்தரோடை எண்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வாறது அந்தச் சின்னச் சின்னத் தூபிகள். 1917 தொடக்கம் போல் பீரிஸ் அதுபற்றி எழுதினார். அண்டிலிருந்து 'இது ஆரின்ர?' எண்ட சண்டை முடியவில்லை. சண்டை பிடிக்கிற இரண்டு பக்கமும் தூபியைத்தான் பார்க்கிறது, வயலைப் பார்க்கிறேல்லை.

எங்களுக்கு வயல்தான் முக்கியமாகப் படுகிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல் தரை, பெய்யிற மழை கீழே இறங்கிவிடும். தண்ணி தேங்கி வண்டல் படியிற பள்ளம் குறைவு. அப்படியான பள்ளங்களில் வழுக்கையாற்றுப் படுகை முக்கியமானது. நெல் விளையும், குளம் நிரம்பும், சனம் தங்கும். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு இங்கே கிண்டியபோது தூபிகளுக்கு முந்திய பெருங்கற்காலப் பண்பாட்டின் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வந்தன. பௌத்தம் வர முதலே இங்கே சோறு வெந்திருக்கிறது!

அதோட ரூலெற்றட் மட்பாண்டமும் வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை. கந்தரோடையில் கிண்டிய விமலா பெக்லிதான் பிறகு அரிக்கமேட்டிலும் கிண்டினவர். அப்ப இந்த விவசாயக் குடியிருப்பு கடலுக்கு முதுகு காட்டி இருக்கேல்லை. 1980இல் ஆனைக்கோட்டையில் பிராமி எழுத்து முத்திரையோடு பெருங்கற்காலப் புதைகுழி வெளிப்பட்டது. தீவுப் பக்கம் காரைநகரிலும் அதே பண்பாட்டுப் புதைப்புகள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு நயினாதீவில் வைத்த தமிழ்க் கல்வெட்டோ, வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்துறைக்கு வரவேணும், யானை குதிரை கொண்டுவாற கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு எண்டு கணக்கே சொல்லுது.

அந்தப் படுகையின் வாய்க்காலில் இப்ப பிளாஸ்ரிக்கும் கட்டட இடிபாடும் கிடக்குது. மாரி வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால்தான் சனத்துக்கு அது ஆறு எண்டு ஞாபகம் வரும்.