அட்ரினலின் ஊசியும் உணர்ச்சியும்: இருகாரணிக் கோட்பாடு – ஒரு மறுமதிப்பீடு

உடலில் நிகழும் மாற்றங்களை நாம் உணர்வதே உணர்ச்சி என்றார் வில்லியம் ஜேம்ஸ் (1884). வெவ்வேறு உணர்ச்சிகளில் மட்டுமன்றிக் காய்ச்சலிலும் கடுங்குளிரிலும்கூட அதே உடல் மாற்றங்கள் தோன்றுவதைச் சுட்டி வால்டர் கேனன் (1927) அதை மறுத்தார். இவ்வழக்கைத் தீர்த்துவைத்தவர்களாக ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் பாடநூல்களில் இடம்பெறுகின்றனர். உடற்கிளர்ச்சி உணர்ச்சிக்கு வலிமை தருகிறது. அது கோபமா மகிழ்ச்சியா என்பதை மனம் சூழலைக் கொண்டு முடிவுசெய்கிறது என்பது அவர்களது இருகாரணிக் கோட்பாடு. அதன் புகழை அதன் மூலச் சோதனையின் தரவுகள் தாங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1962இல் வெளியான அச்சோதனையில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆண் மாணவர்கள் 184 பேர் பங்கேற்றனர். பார்வைத்திறன் மீதான வைட்டமின் ஆய்வு என்று கூறி, ஒரு பகுதியினருக்கு அட்ரினலினும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகச் செலுத்தப்பட்டன. அட்ரினலின் பெற்றவர்களுள் சிலருக்கு மட்டுமே படபடப்பு, கைநடுக்கம் போன்ற விளைவுகள் முன்கூட்டிச் சொல்லப்பட்டன. பின்னர், ஆய்வாளரின் ஆளான ஒருவர் உடனிருந்து, ஓரறையில் காகித விமானம் விட்டுக் களித்தார். மற்றோர் அறையில் அவமதிக்கும் வினாத்தாளைக் கண்டு சீறினார். தம் படபடப்புக்குக் காரணம் அறியாதவர்கள் உடனிருந்தவரின் உணர்ச்சியையே தமதாகக் கொள்வர் என்பது எதிர்பார்ப்பு.

விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை. காரணம் அறியாத குழுவினர் காரணம் அறிந்த குழுவினரிடமிருந்து வேறுபட்டனர் என்பது உண்மை. ஆனால் தம் மனநிலையைத் தாமே மதிப்பிட்டதில், உப்புநீர் பெற்றவர்களிடமிருந்து அவர்கள் புள்ளியியல் நோக்கில் வேறுபடவில்லை. கிளர்ச்சியே உணர்ச்சிக்கு வலிமை தருவதானால், முதன்மையாக வெளிப்பட வேண்டிய வேறுபாடு இதுதான். கோப அறையில் இருந்தவர்களோ, தம் மனநிலையை மதிப்பிடுகையில் சராசரியாகக் கோபத்தைவிட மகிழ்ச்சியின் பக்கமே நின்றனர். மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சி மாணவர்கள் கோபத்தை மறைத்தனர் என ஆய்வாளர்கள் விளக்கினர். அவ்விளக்கம் சரியாகவே இருந்தாலும், மறைக்கப்பட்ட கோபம் கோட்பாட்டுக்குச் சான்றாகாது.

பிற ஆய்வுகளும் ஐயத்தை வலுப்படுத்துகின்றன. 1924இல் கிரிகோரியோ மாரன்யோன் 210 பேருக்கு அட்ரினலின் செலுத்தியபோது, ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் உடல் அறிகுறிகளை மட்டுமே கூறினர். எஞ்சியோரில் பெரும்பாலோர் “பயந்தது போல” இருப்பதாகவே சொன்னார்கள். 1979இல் மார்ஷலும் ஜிம்பார்டோவும், தனியே மாஸ்லாக்கும் நடத்திய சோதனைகளிலும் எதிர்பார்த்த மகிழ்ச்சி விளையவில்லை. காரணம் தெரியாத கிளர்ச்சி பெரும்பாலும் இன்னாததாகவே உணரப்பட்டது. அவை தம் சோதனையின் சரியான மறுநிகழ்த்தல்கள் அல்ல என ஷாக்டரும் சிங்கரும் மறுத்தனர். அம்மறுப்பை ஏற்றாலும், மூலச் சோதனையின் குறை அப்படியே நிற்கிறது.

ஆயினும் இக்கோட்பாட்டை முற்றாகத் தள்ளிவிட இயலாது. உடற்பயிற்சியால் எழுந்த கிளர்ச்சி, பின்னர் சீண்டப்பட்டவரின் சினத்தைப் பெருக்குகிறது என்பதை டால்ஃப் ஸில்மன் முதலியோர் 1972இல் காட்டினர். அங்கே சினத்துக்குரிய காரணம் சீண்டல். கிளர்ச்சி அதைப் பெருக்கியது. 1983இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ரைசன்சைனின் முடிவும் இதையொட்டியதே: இடம்மாறிய கிளர்ச்சி உணர்ச்சியை மிகுவிக்கலாம்; உணர்ச்சிக்குக் கிளர்ச்சி இன்றியமையாதது என்பதற்குப் போதிய சான்றில்லை.

ஆகவே, கிளர்ச்சி உணர்ச்சியைப் பெருக்கும் என்ற அளவில் மட்டுமே இக்கோட்பாடு நிலைக்கிறது. உளவியல் கற்பிப்போர் 1962ஆம் ஆண்டுச் சோதனையின் கதையோடு அதன் தரவுகளையும் மாணவர் முன் வைக்க வேண்டும்.