ஊசிக்கு முன் வரும் சொல்

செங்காங் பலதுறை மருந்தகத்துக்கோ 2018ல் திறக்கப்பட்ட செங்காங் பொது மருத்துவமனைக்கோ ரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் தமிழ் மூத்தோர் சிலருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே மொழிபெயர்ப்பாளர்கள். தாதி ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு, "வலிக்கும் பாட்டி, பொறுத்துக்குங்க" என்பார்கள். அன்பாகச் சொல்லும் அந்த வார்த்தையே வலியைக் கூட்டக்கூடும் என்கின்றன ஆய்வுகள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரசவத்துக்காக முதுகுத்தண்டு மயக்க ஊசி போடவிருந்த 140 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010ல் வெளியானது. முதலில் போடும் மரப்பூசி பற்றி ஒரு பிரிவினரிடம், அந்த இடம் மரத்துப்போகும், சௌகரியமாக இருக்கும் என்றனர். மற்றவர்களிடம், பெரிய தேனீ கொட்டியதுபோல் இருக்கும், இதுதான் ஆக மோசமான கட்டம் என்றனர். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது, முதல் பிரிவின் இடைநிலை மதிப்பு 3. இரண்டாம் பிரிவினுடையது 5. இரு பிரிவினருக்கும் போடப்பட்டது ஒரே விதமான ஊசிதான்.

இதை 'நோசிபோ' விளைவு என்பர். கெடுதலை எதிர்பார்க்கும்போது பதற்றம் கூடுகிறது. அப்போது கோலிசிஸ்டோகைனின் என்ற ரசாயனம் நரம்பு மண்டலத்தில் வலி உணர்வை மிகுதியாக்குகிறது. வலி வெறும் கற்பனையன்று, உண்மையாகவே கூடுகிறது.

அதற்காக "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்வதும் சரியன்று. அதிலும் வலி என்ற சொல்லே முன்னே நிற்கிறது. வலித்துவிட்டால் அடுத்த முறை நம்பிக்கையும் போய்விடும்.

நடப்பதை நடப்பதாகச் சொல்வதே நல்லது. தமிழில் அதற்குச் சொற்கள் உண்டு. 'ஊசி குத்தப் போறாங்க' என்பதைவிட 'ஊசி போடப் போறாங்க', 'ரத்தம் எடுக்கப் போறாங்க' என்பது மென்மையானது. "இப்போ கையைத் துடைக்கிறாங்க, குளிர்ச்சியா இருக்கும். கையைத் தளர்த்தி வச்சுக்குங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். "வலிக்குதா?" என்பதற்குப் பதில் "எப்படி இருக்கு?" எனக் கேட்கலாம். முன்கூட்டியே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவோரிடம் மறைக்கவும் கூடாது.

சொல் வலியை முற்றாக நீக்காது. ஆனால் சிங்கப்பூரில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே அதிகம். சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டியவர், ஊசிக்குப் பயந்து ஒரு பரிசோதனையைத் தவறவிட்டாலும் பாதிப்பு அவருக்குத்தான். அடுத்த முறையும் அவர் தயங்காமல் வர, பக்கத்தில் இருப்பவரின் சொல்லும் துணையாகலாம்.